சத்தமில்லாத ஐந்தாம் ரீல்

பாஸ்போர்ட் ஆபீஸிலும் கம்பெனியிலும் அக்கா வீட்டிலும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பம்ப் செட் விஷயமாக மலேசியா போகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கிள்ளானில் இருக்கும் எங்கள் விற்பனையாளரின் பம்புகள் ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தன. யாராவது போய்ப் பார்த்து, சமாதானம் சொல்லி வரவேண்டியிருந்தது. ஆனால் நான் முண்டியடித்துக்கொண்டு அந்த வேலையை வாங்கியது என் மனைவி பேசுவதைக் கேட்பதற்காக. தனம் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் சிவராசு என்று எனக்கு ஒரு நண்பர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துவார், மனசெல்லாம் சினிமா. மாமனார் கொடுத்த காட்டை விற்று ஒரு படம் எடுத்தார். கருப்பு வெள்ளை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வேலை போன ஒரு பஸ் கண்டக்டர் வாடகைக்கு ரூம் தேடி ஊரெல்லாம் அலைகிறான், அவ்வளவுதான் கதை. அதில் ஒரு வீட்டுக்காரம்மாவாக நடிக்க வேண்டிய பெண் கடைசி நேரத்தில் வராமல் போனதால், படப்பிடிப்பு நடந்த எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே தனத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார். கொடியில் துணி எடுத்துக்கொண்டே கண்டக்டரிடம் பேசி அனுப்புகிற காட்சி. ஒரே காலையில் முடிந்தது.

படம் தயாராகி மெட்ராஸில் போட்டுக் காட்டிய நாளில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அப்புறம் அதை எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. இருந்த ஒரே பிரதி ஊர் ஊராக விழாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தனத்தின் முகம் என்னிடம் இருக்கிறது. கல்யாண ஆல்பம், பழனியில் எடுத்தது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. குரல்தான் இல்லை. எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டால் வார்த்தையைச் சொல்லிவிடுவேன், சத்தம் மட்டும் ஞாபகத்தில் வராது. முதல் வருஷம் வந்தது. போகப்போகத் தேய்ந்துவிட்டது. கோலாலம்பூர் திரைப்பட விழாவில் நம்ம படம் ஒரே ஒரு காட்சி போடுகிறார்கள் என்று சிவராசு கடிதம் எழுதியபோது, கம்பெனி என்ஜினியருக்கு முன்னால் மேனேஜர் அறையில் போய் நின்றவன் நான்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு வீட்டின் முன்னறை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரம்மா பெயர் கிரேஸ், அறுபதைத் தாண்டிய மெதடிஸ்ட் கிறிஸ்தவர். கணவர் ரயிலில் கார்டாக இருந்து காலமானவர். எல்லோரும் அவரை ஆன்டி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெட்டியை வைக்கும் முன்னே கேட்டார்.

"பசியாறிட்டீங்களா தம்பி? வைஃப் வரலையா?"

"வரலீங்க."

"ஊருல விட்டுட்டு வந்துட்டீங்களா? அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க லா. இங்க சேல நல்லா கெடைக்கும்."

சரி என்று தலையாட்டினேன். நாலு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சொன்னதும் அவர்கள் முகம் மாறும், அப்புறம் அந்த முகத்தை நான் தேற்ற வேண்டியிருக்கும். தனம் ஊரில் இருப்பதாகவே அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு சுகமும் இருந்ததை மறைப்பானேன்.

மறுநாள் கிள்ளான் பஸ். நம் ஊர் மாதிரி ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை இல்லை. ஆனால் கண்டக்டர் சில்லறைக்காக முறைப்பதில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. எங்கள் விற்பனையாளர் லெட்சுமணன் செட்டியார் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொல்லும் முன்பே ஒழுகுகிற பம்பைக் காட்டினார்.

"இது பம்பா, பூவாளியாங்க? ஒங்க முதலாளிய இங்க வந்து ஒரு மாசம் உக்காரச் சொல்லுங்க."

பம்பைக் கழற்றினேன். வாட்டர் சீலில்தான் கோளாறு. இந்த ஊர்த் தண்ணீரில் செம்மண் அதிகம், எங்கள் ரப்பர் அதற்குத் தாங்கவில்லை. வேறு ரப்பர் அனுப்புவதாகச் சொன்னதும் மனிதர் இளகி, இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். சோறு, பருப்பு, மொறுமொறு பாகற்காய், நண்டுக் குழம்பு. நம் ஊரில் இலையைப் பார்த்துப் பரிமாறுவார்கள், இங்கே ஆளைப் பார்த்துப் பரிமாறினார்கள். நான் மெலிந்திருப்பதாக நினைத்து மூன்று முறை சோறு விழுந்தது.

விழாவுக்குப் போவதைச் சொன்னேன். செட்டியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பாட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"ஃபைட்டு?"

"அதுவும் இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு அத்தன தூரம் ஃபிலிம சொமந்துட்டு வந்தாங்க? நம்ம வீட்ல வீடியோ இருக்கு, சனிக்கிழம வாங்க, நல்ல படமா பாப்போம்."

சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் எங்கள் படம். முடியாது என்றேன். காரணம் கேட்டார். நண்பர் எடுத்தது என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். நான்தான் தப்பு. கோலாலம்பூருக்கு இங்கே 'கேஎல்' என்று எழுதுவார்கள், அதைப் பார்க்காமல், கூட்டம் எதில் ஏறுகிறதோ அதில் ஏறுகிற கோயம்புத்தூர்ப் பழக்கம். பஸ் என்னைத் துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிளில், மோட்டார் சைக்கிளில், கையில் தூக்குச்சட்டியோடு. தெருக்கோடியில் ஒரு பெண் வாசலுக்கு வந்து யாருக்காகவோ எட்டிப் பார்த்தாள். எனக்கு அங்கே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு லோரிக்காரர் நிறுத்தி, "எங்க போறீங்க பாஸ்?" என்று கேட்டு, மறுபடியும் கிள்ளான் பஸ் நிலையத்தில் விட்டுப் போனார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை விழா தொடங்கியது. நகரின் நடுவே சிறிய அரங்கம், நானூறு நாற்காலி. நம் ஊர்த் தியேட்டரில் வியர்வைக்குத் துண்டு கொண்டுபோவோம். இங்கே குளிருக்குப் போர்வை வேண்டும். வாசலில் ஒரு தமிழர் கச்சாங் பூத்தே விற்றார். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் கலந்து காகிதப் பொட்டலத்தில் தருவார். உள்ளே யாரும் கடலையைக் கடிக்கவே பயந்தார்கள். விசில் இல்லை, "தலைவா" இல்லை. படம் முடிந்ததும் கை தட்டினார்கள், அதையும் மெதுவாக.

அன்றைக்கு மூன்று படம் பார்த்தேன். பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு கிழவர் வீட்டுக்கு டெலிபோன் இணைப்பு கேட்டு அலைகிறார். கடைசியில் கிடைக்கிறது, கூப்பிட ஆள் இல்லை. மணிலாவில் ஒரு பெண் அடுத்தவர் துணி துவைக்கிறாள். இரண்டு மணி நேரமும் துவைக்கிறாள். மூன்றாவதில் யாரும் பேசவில்லை, எனக்கும் புரியவில்லை. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

பம்ப் விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றினாலும் எழுந்து போக மனம் வரவில்லை. ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருத்தி ஒரு நிமிஷம் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அவர்களுக்கும் வீடு இருக்கும், வீட்டில் என்னைப்போல ஒருவன் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். டெலிபோன் கிழவர் படத்தில் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, பக்கத்தில் சொல்லத் திரும்பினேன். நாலு வருஷம் ஆகியும் கழுத்து அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

சனிக்கிழமை காலையில் செட்டியார் விடவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டம், அங்கே இரண்டு பம்ப். வெண்டையும் கீரையும் நட்ட பாத்திகளுக்கு நடுவே முழங்கால் சேற்றில் நின்று சீல் மாற்றிக்கொடுத்தேன். தோட்டக்காரர் கெட்டியான காப்பி ஓ கொடுத்தார், பால் இல்லாதது. ஒன்றரை மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒன்றே கால் மணிக்கு மழை பிடித்தது.

இங்கத்து மழைக்கு முன்னுரை கிடையாது. பிங்க் நிற மினி பஸ் ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. பாதி வழியில் சடக்கெல்லாம், நம் ஊர் ரோடுதான், தண்ணீர். முன்னால் நின்ற கார்கள் நகரவே இல்லை. நான் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன். பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மாள் என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கா போகிறாய் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் டிரைவரைச் சத்தம்போட்டாள். டிரைவர் என்ன செய்வார் பாவம். கடைசி ஒரு மைலை நனைந்துகொண்டே ஓடினேன்.

உள்ளே நுழைந்தபோது மூன்றரை. திரையில் கண்டக்டர் ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்துவிட்டிருந்தார். தனம் வருவது பின்பாதியில் என்று சிவராசு எழுதியிருந்ததால் மூச்சு வந்தது. முப்பது பேர் இருப்பார்கள். சில தமிழ்க் குடும்பங்கள், சீன மாணவர்கள், எனக்குப் பின்னால் ஒரு மலாய் ஜோடி. "இந்த ஊரில் யாருமே சிரிக்க மாட்டார்களா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்க, "வீடு கிடைத்தால் சிரிப்பார்கள்" என்றான் அவன்.

திடீரென்று படம் நின்று விளக்கு எரிந்தது. விழாப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. முந்தின நாள் மூன்று படத்துக்கும் விடவில்லை. ஆனால் ஆபரேட்டர் தமிழர். தமிழ்ப் படம் என்றால் பாதியில் இடைவேளை விட வேண்டும் என்று அவர் கை பழகியிருந்தது. எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். தமிழ்க் குடும்பங்கள் மழை விட்டதைப் பார்த்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டன. மறுபடி விளக்கு அணைந்தபோது பதினோரு பேர் இருந்தோம்.

ஐந்தாம் ரீலில் எங்கள் கொல்லை வந்தது. கொய்யா மரம், துவைக்கிற கல், கொடி. கொடியில் என் நீலச் சட்டை, படத்தில் சாம்பல். அப்புறம் தனம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். அந்த நடை. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"வாடகையை முதல் தேதியே கொடுத்துடணும். தண்ணி காலையில மட்டும்தான் வரும். தனி ஆளுக்கு வீடு கொடுக்கறதில்ல."

வேறு யாரோ பேசினார்கள். மெட்ராஸ் பேச்சு, கழுவித் துடைத்த குரல். எங்கள் பக்கத்து 'ங்க' ஒன்றுகூட அதில் இல்லை. தனத்தின் உதடு ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. காட்சி முடிந்து கண்டக்டர் தெருவில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் நான் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. மலாய்ப் பையன் மெதுவாக, உட்காருங்கள் என்றான்.

படப்பிடிப்பு நாளில் ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு டேப்பில் ஏதோ பதிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதில் தனம் பேசுவது விழுகிறது என்றே ஆறு வருஷம் நினைத்திருந்தேன். காகமும் காற்றும்தான் விழுந்திருக்கிறது. கடல் தாண்டி வந்தவனுக்கு இதுதான் கிடைத்தது. சிவராசு மேல் கோபம் வந்தது. பெயர் தெரியாத அந்தக் குரல்காரி மேலும் வந்தது. என் மடத்தனத்தின் மேல்தான் அதிகமாக வந்தது.

படம் முடிந்ததும் படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். அவர் பெயர் அந்தோணி, ஐம்பது வயதிருக்கும், பிரிக்பீல்ட்ஸ்காரர்.

"இந்தப் படத்துல அந்தத் துணி எடுக்கற பொம்பளைக்கு வேற கொரல் போட்டிருக்காங்களே, ஏனுங்க?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் ரீலைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். "எல்லாப் படமும் அப்டித்தான் அண்ணே. ஸ்பாட்ல கேமரா தையல் மிஷின் மாரி சத்தம் போடும். என்னா பேசுனாலும் கேக்காது. அதனால புது ஆளுங்கள, வாய அசைச்சா போதும், ஏதாச்சும் பேசுங்கன்னு விட்ருவாங்க. சில பேரு ஒன்னு ரெண்டு மூனு சொல்வாங்க. பின்னாடி ரூம்ல ஒக்காந்து வேற ஆள் பேசுவாங்க. இருவது வருசமா பாக்குறேன் நானு. ஏன், ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எஞ்சம்சாரம். எறந்துட்டாங்க."

அந்த நாட்டில் நான் முதல்முறையாக அதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கையை ஒரு பழைய வேட்டித் துணியில் துடைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். பிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தார்.

"நாளைக்குக் காலைல பிரிண்ட்ட பெட்டில கட்டணும். அதுக்கு முன்ன அந்த ரீல ஒரு தடவ ஓட்டுறேன். வரீங்களா?"

"அந்தக் கொரல் வேண்டாமுங்க."

"மிஷின்ல சவுண்டுக்குன்னு தனி லைட்டு இருக்கு, அத அணைச்சிட்டா படம் மட்டும் ஓடும்" என்றார்.

ஞாயிறு காலை கிரேஸ் ஆன்டி சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கு ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்திருந்தார். அவரிடமும் சொல்லிவிட்டேன். "ஏன் தம்பி மொதல்லயே சொல்லல?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார்.

நானூறு நாற்காலியில் நான் ஒருவன். முன்வரிசையில் உட்கார்ந்தால் தலை வலிக்கும் என்று அந்தோணி மேலேயிருந்து சொன்னார், கேட்காமல் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. புரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும்.

கொய்யா மரம், கல், கொடி. தனம் வந்தாள். கண்டக்டர் எதிரில் நிற்க, அவள் அவரைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு இடதுபக்கம் பார்த்தாள். அங்கே யார் நின்றது என்று யோசித்தேன். நான்தான் நின்றேன். முகத்தில் வெளிச்சம் விழ, இரண்டு கையாலும் ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையைப் பிடித்திருந்தேன். அசையக் கூடாது என்று சிவராசு உத்தரவு. அவள் வசனத்தை எவ்வளவு இயல்பாகச் சொல்கிறாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

உதடு ஒருமுறை மூடித் திறந்தது. மறுபடி மூடியது. புருவம் ஏறியது. கொடியிலிருந்து என் சட்டையை இழுத்தாள், மறுபடி என்னைப் பார்த்து அதையே சொன்னாள். காட்சி போய்விட்டது.

"இன்னொரு தடவ போட முடியுங்களா?" என்று கத்தினேன்.

ரீலைச் சுற்ற நேரம் பிடித்தது. இரண்டாம் முறை அவள் உதடு அசைவது போலவே என் உதட்டையும் அசைத்துப் பார்த்தேன். முதலில் வந்தது "ஏனுங்க". அது எனக்குத் தெரியாமல் போகுமா. அடுத்தது உதடு மூடித் திறக்கிற சொல். பாலு. அப்புறம் அடுப்பு. போயி. என் வாயிலிருந்து காற்று மாதிரி அது முழுதாக வந்தது.

"ஏனுங்க, பாலு அடுப்புல இருக்குதுங்க, போயி எறக்குங்க."

யூனிட்டுக்குக் காப்பி போட வாங்கிய இரண்டு லிட்டர் பால் அன்றைக்குப் பொங்கி வழிந்து, பாத்திரம் தீய்ந்து, ஒன்பது பேரும் வரக்காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். சொன்னேனே என்றாள் தனம். சொல்லவே இல்லை என்றேன் நான். ரெண்டு தடவ சொன்னேன் என்றாள். உனக்கு நடிக்கிற ஜோரில் எல்லாம் மறந்துபோச்சு என்று ஒன்பது பேர் முன்னால் சொல்லிச் சிரித்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில், எழுந்து உட்கார முடியாத நாளில்கூட ஒருமுறை கேட்டாள், அன்னைக்கு நான் சொன்னனா இல்லையா என்று. நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் குரல் திரும்பி வந்ததா என்று கேட்டால், வந்தது என்று சத்தியம் பண்ண எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் இரண்டாம் தடவை சொல்லும்போது அதில் ஏறுகிற அந்த எரிச்சல், அது வந்தது. திரையில் கண்டக்டர் தெருவில் போய்க்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"சொல்லியிருக்கறே தனம். ரெண்டு தடவ சொல்லியிருக்கறே. நாந்தான் கேக்கல."

மேலே சின்ன ஜன்னலில் அந்தோணியின் தலை தெரிந்தது.

"என்னா அண்ணே, ஏதாச்சும் சொன்னீங்களா?"